கூடல்ஊர் ஆகோளில் வீழ்ந்த அந்தவன்: புலிமான்கோம்பை நடுகல்வழி ஒரு சிற்றூர் வீரனின் வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, கூடல்ஊரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. இக்கல்வெட்டு அதன் தொன்மைக்காகவும் எழுத்தமைதிக்காகவுமே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அக்கல் யாருக்காக நடப்பட்டதோ அவ்வீரனை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை மீண்டும் படிக்கிறது. ஏழு சொற்களிலிருந்து ஒரு மனிதனின் வாழ்வை எவ்வளவு தொலைவு மீட்டெடுக்கலாம், எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதே வினா. ஆகோளை வேந்தனின் ஏவலோடு இணைக்கும் தொல்காப்பிய இலக்கணத்துக்கும் வேந்தன் பெயரே இல்லாத இக்கல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தனிக் கவனத்துக்கு உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: நடுகல், தமிழ்-பிராமி, புலிமான்கோம்பை, கூடலூர், ஆகோள், வெட்சி, கரந்தை, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

போர்களின் வரலாறு பெரும்பாலும் வேந்தர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தலையாலங்கானம், வெண்ணி போன்ற களங்களின் பெயர்களும் அங்கே வென்றோர் தோற்றோர் பெயர்களும் சங்க இலக்கியத்தின்வழி நமக்குக் கிடைக்கின்றன. அக்களங்களில் உயிர்நீத்த சிற்றூர் மறவர்களின் பெயர்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. புறப்பாடல்களில் அவர்கள் "மறவன்", "இளையன்", "காளை" என்னும் பொதுச்சொற்களாலேயே பெரிதும் சுட்டப்படுகின்றனர். இந்நிலையில், பெயர், ஊர், இறந்த நிகழ்வு, அது நடந்த இடம் ஆகியவற்றோடு ஒரு வீரன் நம்முன் வந்து நிற்பது அரியதொரு வாய்ப்பு. அத்தகைய வாய்ப்பினைத் தருவது புலிமான்கோம்பைக் கல்வெட்டு. தமிழகத்தில் பெயரறியப்பட்ட மிகப் பழைய சிற்றூர் வீரர்களுள் ஒருவன் அந்தவன் எனத் தயக்கமின்றிக் கூறலாம்.

கல்லும் கண்டுபிடிப்பும்

வைகைக் கரையில் அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. புள்ளிமான்கோம்பை எனவும் இது வழங்கப்படுகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. இராசன் வழிகாட்டலில் களப்பணி மேற்கொண்ட ஆய்வு மாணவர்கள் 2006-இல் இங்கு எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் முழுமையாகப் படிக்கத்தக்கது அந்தவனின் கல். இரண்டாவது கல்லில் "ஊர்", "கல்" என்னும் சொற்கள் தெளிவாக உள்ளன. இடையிலுள்ள பகுதி சிதைந்துள்ளது. மூன்றாவது கல் "வேள்ஊர்" என்னும் ஊர்ப்பெயரையும் "அவ்வன் பதவன்" என்னும் ஆட்பெயரையும் தருகிறது.

இக்கற்களில் வீரனின் உருவம் இல்லை. வில்லேந்தியோ வாளேந்தியோ நிற்கும் வீரனைப் பிற்கால நடுகற்களில் காண்கிறோம். இங்கு இருப்பவை எழுத்துகள் மட்டுமே. பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் நிறுத்தப்பட்ட நெடுங்கற்களிலிருந்து உருவமுடைய நடுகல் வளர்ந்த பாதையில் இடைப்பட்டதொரு நிலையை இவை காட்டுகின்றன என்பது கண்டறிந்தோரின் கருத்து.

இக்கண்டுபிடிப்புக்கு முன்னர், செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்து நடுகற்களே எழுத்துடைய பழைய நடுகற்களாகக் கருதப்பட்டன. இரா. நாகசாமி பதிப்பித்த "செங்கம் நடுகற்கள்" (1972) அவற்றை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தது. வழிப்போக்கர் நின்று படிக்கும் எழுத்துடை நடுகற்களைச் சங்க அகப்பாடல்களும் புறப்பாடல்களும் குறிப்பிடுகின்றன. எனினும் அக்காலத்துக்குரிய கல் ஒன்றேனும் கிடைக்காமையால் அக்குறிப்புகள் புலவரின் கற்பனையோ, பிற்கால வழக்கின் ஏற்றமோ என்னும் ஐயம் நீடித்தது. புலிமான்கோம்பைக் கற்கள் அவ்வையத்தை நீக்கின.

எழுத்தும் காலமும்

அந்தவன் கல்லின் வாசகம் ஏழு சொற்களால் ஆனது: கல், பேடு, தீயன், அந்தவன், கூடல், ஊர், ஆகோள். இச்சொற்களைக் கொண்டுகூட்டி, "கூடல்ஊர் ஆகோள் பேடு தீயன் அந்தவன் கல்" எனப் பொருள் வரிசையில் அமைப்பர். கூடல்ஊரில் நடந்த ஆகோளில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல் என்பது பொதுவாக ஏற்கப்படும் பொருள்.

எழுத்தமைதி கொண்டு இதன் காலத்தைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கணிப்பர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னும் பின்னும் கொள்வோரும் உளர். ஆண்டுக் குறிப்போ அரசர் பெயரோ இல்லாத கல்வெட்டில் எழுத்தின் வடிவம் மட்டுமே சான்று என்பதால், இக்கணிப்பை ஒரு நூற்றாண்டு எல்லைக்குள் நெகிழ்வாக வைத்துக்கொள்வதே முறை. எவ்வாறு கணித்தாலும் செங்கம் நடுகற்களுக்கு ஏழு, எட்டு நூற்றாண்டுகள் முந்தியது இக்கல்.

காலத்தைப் போலவே எழுத்தறிவு பரவிய வகையும் கருதத்தக்கது. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்ற தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பெரும்பாலும் மலைக்குகைகளில் சமணத் துறவியர்க்கு அளிக்கப்பட்ட கற்படுக்கைகளோடு தொடர்புடையவை. அவற்றை வெட்டுவித்தோர் அரசர், அரசு அலுவலர், வணிகர் போன்றோர். புலிமான்கோம்பைக் கல் இவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆநிரையைச் சார்ந்து வாழ்ந்த ஒரு சமூகம் தன் வீரனுக்குத் தன் மொழியிலேயே, பிராகிருதச் சொல் ஒன்றும் கலவாமல், எழுதுவித்த வாசகம் இது. எழுதத் தெரிந்த ஒருவரேனும் அங்கே இருந்தார். எழுதியது படிக்கப்படும் என்னும் நம்பிக்கையும் இருந்தது.

பெயரும் ஊரும்

அந்தவன் என்பது ஆட்பெயர். இதனோடு ஒப்பிடத்தக்க அந்துவன் என்னும் பெயர் திருப்பரங்குன்றத்துத் தமிழ்-பிராமிக் கல்வெட்டில் உள்ளது. சேர மன்னருள் அந்துவஞ்சேரல் இரும்பொறையும், புலவருள் நல்லந்துவனாரும் உள்ளனர். இவ்விரு வடிவங்களும் ஒரே பெயரின் வேறுபாடுகளாயின், அரசர் முதல் சிற்றூரார் வரை பல நிலையினரும் தாங்கிய பெயராக அதனைக் கொள்ள வேண்டும்.

தீயன் என்பதன் பொருளில் கருத்து வேறுபாடு உண்டு. தந்தை பெயர், குடிப்பெயர், அடைமொழி என மூவகையாகவும் கொள்ள இடமுண்டு. பிற்காலச் சாதிப்பெயர் ஒன்றோடு உள்ள ஒலியொப்புமையைக் கொண்டு இவனை அச்சாதியினன் எனக் கூறுவது பொருந்தாது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியை ஓர் ஒலியொப்புமையால் கடக்க இயலாது. அவ்விடைவெளியில் அச்சொல் எப்பொருளில் யாரைச் சுட்டியது என்பதற்குத் தொடர்ச்சியான சான்று வேண்டும்.

பேடு என்பதை ஊர்ப்பெயராகக் கொள்வதற்கு இக்கற்களிலேயே அகச்சான்று உண்டு. மூன்றாவது கல்லில் வேள்ஊர் என்னும் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இணைத்தே தரப்பட்டுள்ளன. இரண்டாவது கல்லிலும் ஊர் என்னும் சொல் இடம்பெறுகிறது. ஆகவே வீரனை அவன் ஊரோடு சேர்த்துச் சுட்டுவது இவ்வட்டார வழக்கு எனலாம். அவ்வழக்கின்படி தீயன் அந்தவன் என்பதற்கு முன்னுள்ள பேடு, அவனுடைய ஊராதல் வேண்டும். தொடக்கக்காலத் தமிழ்-பிராமி எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவில் காட்டாமையால் இதனைப் பெடு எனவும் படிக்கலாம். அது ஊர்ப்பெயராதலுக்குத் தடையாகாது.

இவ்வாறு, இறந்த ஊர் ஒன்றும் பிறந்த அல்லது வாழ்ந்த ஊர் ஒன்றும் எனக் கல்வெட்டு இரண்டு இடங்களைத் தருகிறது. அந்தவன் தன் ஊரைவிட்டு வேறொரு ஊர் சார்ந்த பூசலில் இறந்தான் என்பது இதனால் பெறப்படும் முதன்மையான வாழ்க்கைச் செய்தி.

எந்தக் கூடல்ஊர்?

இக்கூடல்ஊரைக் கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதியிலுள்ள இன்றைய கூடலூராகக் கொள்ளும் கருத்து உண்டு. கூடல் என்பது ஆறுகள் கூடுமிடத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாதலால் அப்பெயருடைய ஊர்கள் பல. நீலகிரியில் ஒரு கூடலூர் உண்டு. கடலூரும் கூடலூர் என வழங்கப்பட்டதுண்டு. மதுரைக்கே கூடல் என்பது பழம்பெயர். ஐங்குறுநூற்றைத் தொகுத்த புலத்துறை முற்றிய கூடலூர் கிழாரின் ஊர் எது என்பதிலும் இதே இடர்ப்பாடு உள்ளது. எனவே பெயரொப்புமை மட்டும் போதாது.

கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூருக்கு ஆதரவாக நிற்பது நிலவியல். அப்பள்ளத்தாக்கின் நீர் வைகையில்தான் சென்று சேர்கிறது. அந்த வைகையின் கரையிலேயே கல் நிற்கிறது. இரண்டு இடங்களும் ஒரே ஆற்றுப்படுகையைச் சேர்ந்தவை. மலைகள் இருபுறமும் அரணிட்ட அப்பள்ளத்தாக்கில் மனிதரும் மாடும் செல்லும் வழி ஆற்றின் வழியே. அதன் தென்கோடியில் குமுளிக் கணவாய் மேற்கே சேரநாட்டுக்கு வழிவிடுகிறது. எல்லைப்புறமும் மேய்ச்சல் நிலமும் ஒருங்கே அமைந்த இத்தகைய இடங்களே ஆநிரைப் பூசலுக்குரிய களங்கள். மதுரையும் அதே வைகையின் கரையில்தான் உள்ளது. எனினும் அந்நகரைச் சுட்ட "கூடல்" என்பதே இலக்கிய வழக்கு, "கூடல் ஊர்" எனப் பிரித்துக் கூறுவது வழக்கன்று.

இன்றும் தேனி மாவட்டத்தில் மலைமாடுகளைக் காட்டில் மேய்த்துப் பட்டியில் அடைக்கும் வழக்கம் உண்டு. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழு என்னும் மரபு நிறுவனமே மாட்டு மந்தையை மையமாகக் கொண்டது. இவ்வழக்கங்கள் அந்தவன் காலத்திலிருந்து அறுபடாமல் தொடர்கின்றன என்று கூற இயலாது. அந்நிலம் மாடு வளர்ப்புக்கு ஏற்றது என்பதற்கு மட்டுமே அவை சான்றாகும். ஆதலின் கூடல்ஊர் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்பதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், உள்ளவற்றுள் வலுவான கருதுகோளாகக் கொள்கிறது இக்கட்டுரை.

கவர்ந்தவனா, மீட்டவனா?

ஆகோள் என்பது ஆநிரையைக் கைக்கொள்ளல். தொல்காப்பியப் புறத்திணையியல் இதனை வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. அந்தவன் கூடல்ஊரின் ஆநிரையைக் கவரச் சென்று இறந்தானா, அல்லது கவரப்பட்ட நிரையை மீட்கப் போரிட்டு இறந்தானா?

பிற்கால நடுகற்களில் இவ்வினாவே எழுவதில்லை. "தொறுக்கொண்ட", "தொறு மீட்டு" என்னும் தொடர்கள் கவர்தலையும் மீட்டலையும் பிரித்துக் காட்டுகின்றன. "பட்டான்" என்னும் வினைமுற்று இறப்பைத் தெளிவாக்குகிறது. அந்தவன் கல்லிலோ வினைச்சொல்லே இல்லை. அவன் இறந்தான் என்பதைக்கூடக் "கல்" என்னும் ஒரு சொல்லிலிருந்தே உய்த்துணர்கிறோம். கல் எடுக்கப்பட்டமையே அவன் இறப்புக்குச் சான்று.

இலக்கண நூல்களின் வேறுபாடும் இங்குக் கருதத்தக்கது. தொல்காப்பியம் கரந்தையைத் தனித்திணையாக்காமல் வெட்சியுள் அடக்குகிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை நிரை கவர்தலை வெட்சி எனவும் மீட்டலைக் கரந்தை எனவும் இரண்டாகப் பிரிக்கிறது. கல்வெட்டின் சொல்லாட்சி தொல்காப்பியப் பகுப்புக்கு நெருக்கமானது. "கூடல்ஊர் ஆகோள்" என்பது அந்நிகழ்வு முழுவதற்கும் வழங்கிய பெயராகலாம். அதன் எப்பக்கத்தில் நின்று அவன் போரிட்டான் என்பதைக் கல் நட்டோர் எழுத வேண்டிய தேவையில்லாமல் அறிந்திருந்தனர்.

கவர்ந்தவன் என்பதற்குச் சார்பாக ஒன்று கூறலாம். பேடு அவன் ஊராகவும் கூடல்ஊர் வேற்றூராகவும் அமைவதால், வேற்றுநிலத்துக்குச் சென்று நிரை கொள்ளும் வெட்சி மறவனின் நிலைக்கு அவன் பொருந்துகிறான். மீட்டவன் எனில், உறவூரின் நிரையைக் காக்க வேற்றூரான் உயிர்விட்டான் எனக் கொள்ள வேண்டும். அதுவும் நடவாத செயலன்று. முதலாவது இயல்பானது, இரண்டாவது இயலக்கூடியது. வாழ்க்கை வரலாற்றை நிறைவாக்கும் ஆர்வத்தில் இவற்றுள் ஒன்றை உறுதிப்படுத்துவது சான்றை மீறுவதாகும்.

வேந்தன் இல்லாத கல்

தொல்காப்பியம் வெட்சியை வேந்தனால் ஏவப்பட்ட வீரரின் தொழிலாக இலக்கணப்படுத்துகிறது. வேற்றுநிலத்து ஆக்களைக் களவினாற் கொண்டுவந்து காத்தலை அது அரசனின் போர் நடவடிக்கையின் தொடக்கமாகக் காண்கிறது. வேந்தன் ஏவலின்றித் தாமே மேற்கொள்ளும் நிரைகோடலையும் ஏற்று, மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என வெட்சியை இருவகைப்படுத்துவது புறப்பொருள் வெண்பாமாலை. காலத்தால் மிகப் பிந்திய அந்நூல் தன்னுறு தொழிலுக்கு இடமளித்ததை மரபின் தளர்ச்சியாகக் கருதுவோரும் உண்டு.

அந்தவன் கல் இவ்வரிசையை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. ஆகோள் என்னும் சொல் இடம்பெறும் மிகப் பழைய கல்வெட்டில் வேந்தனும் இல்லை, வேளும் இல்லை, தலைவன் எவனும் இல்லை. செங்கம் நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். அவனுக்குட்பட்ட தலைவனின் பெயர் அடுத்து வரும். வீரனின் பெயர் அவற்றின்பின் வரும். அங்கே வீரன் இறந்த நாள் அரசனின் காலக் கணக்கில் அடங்குகிறது. திண்டுக்கல் மாவட்டம் தாதப்பட்டியில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல்லில் "அடிஓன்" என்னும் சொல் காணப்படுவதால், ஒருவரைச் சார்ந்து நிற்கும் உறவு அக்காலத்திலேயே கல்லில் இடம்பெறக் கூடியதாக இருந்தது என அறிகிறோம். அந்தவன் கல்லில் அதுவும் இல்லை. அவனை அடையாளப்படுத்துவன பெயர், ஊர், நிகழ்வு ஆகிய மூன்று மட்டுமே.

ஏழு சொற்களே கொண்ட வாசகத்தில் ஒன்று இல்லாமையைச் சான்றாகக் கொள்வதற்கு எல்லை உண்டு. இடமின்மையாலோ வழக்கமின்மையாலோ வேந்தன் பெயர் விடுபட்டிருக்கலாம் என்னும் மறுப்பு நியாயமானதே. ஆயினும் இடம் குறைந்த கல்லில் எது எழுதப்பட்டது என்பதே எது முதன்மையாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டும். இரண்டு ஊர்களுக்கு இடம் இருந்த கல்லில் ஒரு வேந்தனுக்கு இடம் தேவைப்படவில்லை. ஆநிரைப் பூசல் ஊர்களுக்கிடையே நிகழ்ந்து, பின்னர் வேந்தர் போரின் முதற்படியாக உள்வாங்கப்பட்டது என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. அவ்வாறாயின் தொல்காப்பிய வரையறை அரசு உருவாக்கத்தின் பார்வையை வெளியிடுவதாகும். தன்னுறு தொழில் தளர்ச்சியின் விளைவாகாமல் பழைய வழக்கின் எச்சமாகும்.

கல் நட்டவர்

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளும் நடுகல் எடுத்தல் ஒருவரால் ஒரு நாளில் முடியும் செயலன்று என்பதை உணர்த்துகின்றன. தக்க கல்லைத் தேர்தல், கொணர்தல், நீராட்டல், பெயர் பொறித்து நடுதல், படையலிட்டு வழிபடல் ஆகியவற்றுக்குப் பலரின் உழைப்பும் பொருளும் வேண்டும். அந்தவனின் தாய், மனைவி, மக்கள் பற்றிக் கல் ஒன்றும் கூறவில்லை. எனினும் அவன் இறப்பைத் தம் இழப்பாகக் கருதிய ஒரு சமூகம் இருந்தது என்பதற்குக் கல்லே சான்று. அவர்களே இக்கல்வெட்டின் ஆசிரியர்கள்.

பெயருடைய கல்லும் எண்ணுடைய கல்லும்

சிற்றூர் வீரரை நினைவுகூர்தல் காலந்தோறும் ஒரே வகையில் அமையவில்லை. முதல் உலகப்போருக்குப் பின்னர் பிரித்தானிய அரசு தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றிலும் கற்பலகைகள் பதித்தது. இவ்வூரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பது அவற்றின் வாசகம். ஈராக்கில் 1929-இல் திறக்கப்பட்ட பாசுரா நினைவுச்சின்னத்திலும் இந்தியப் படை அலுவலர்களின் பெயர்களே பொறிக்கப்பட்டன. சாதாரண இந்திய வீரர்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையில் அடக்கப்பட்டனர்.

அந்தவன் கல்லில் பெயர் உண்டு, காலம் இல்லை. அப்பலகைகளில் காலம் உண்டு, பெயர் இல்லை. முன்னது அவனை அறிந்த மக்கள் நட்டது; பின்னது எண்ணிக்கை வேண்டிய அரசு பதித்தது. வீரர் ஒருவரைப் பற்றிய பதிவில் எது எஞ்சுகிறது என்பதை, அப்பதிவைச் செய்தவர் யார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. சிற்றூர்ப் படைவீரர்களின் வரலாற்றை ஆராய்வோர் எக்காலத்துச் சான்றாயினும் இவ்வினாவிலிருந்து தொடங்குதல் நன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: அந்தவன் பேடு என்னும் ஊரினன் என்பதற்குப் புலிமான்கோம்பைக் கற்களின் பெயரிடும் முறையே அகச்சான்றாகிறது. அவன் இறந்த கூடல்ஊரைக் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகக் கொள்வது ஆற்றுப்படுகை, கணவாய், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றால் வலுப்பெறும் கருதுகோள். அவன் நிரை கவர்ந்தவன் என்பது இயல்பான பொருள். மீட்டவன் என்பதை விலக்க இயலாது. தீயன் என்பதைக் கொண்டு அவனுக்குச் சாதி கற்பித்தல் தவறு. வேந்தன் பெயரின்றி ஊர்ப்பெயர்களால் மட்டும் அவன் அடையாளம் காணப்படுவது, ஆகோள் அரசுசார் போராக இலக்கணப்படுவதற்கு முன்னைய நிலையைச் சுட்டுகிறது.

வைகைப் படுகையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் சிதைந்து வரும் ஈமக்காடுகளை முறையாகக் களஆய்வு செய்வது உடனடித் தேவை. பேடு, வேள்ஊர் ஆகிய ஊர்ப்பெயர்களின் இடங்களை உறுதி செய்யவும், உருவமற்ற கற்களில் எழுத்துள்ளனவா எனத் தேடவும் அது உதவும். உழவுக்கும் கட்டுமானத்துக்கும் அகற்றப்படும் ஒவ்வொரு கல்லிலும் அந்தவனைப் போன்ற ஒருவரின் பெயர் இருக்கக்கூடும்.